காலர் அக்காவை இழுத்த கை

சட்டைக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காலர் மட்டுமே தைத்தவள் என்பதால் அவளுக்குக் காலர் அக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. முன்னால் இருப்பவள் தரும் துணிக்கட்டைப் பிரிப்பாள், காலரை ஏற்றுவாள், பின்னால் தள்ளுவாள். கொஞ்சம் அசந்தால் மேஜையில் கட்டு மலையாகச் சேர்ந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இஸ்திரிப் பகுதியில் மின்கம்பி கருகிக் கூடம் முழுக்கப் புகை சூழ்ந்தது. எல்லாரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். காலர் அக்கா மட்டும் மிஷின் முன்னால் மரமாய் உட்கார்ந்திருந்தாள். யாரோ பிடித்து இழுத்தார்கள். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தாள். நல்லவேளை, ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. கம்பெனி மறுபடி திறந்ததும், "என்னை இழுத்தது யாரு?" என்று கேட்டுப் பார்த்தாள். அவரவர் ஓடிய ஓட்டத்தைத்தான் அவரவர் சொன்னார்கள். உயிரைக் காப்பாற்றிய ஆளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல முடியவில்லையே என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் அவளை நாடகப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூட ஹால். வசனம் கிடையாது, உடம்பாலேயே கதை சொல்லவேண்டும்.

"நெருப்புக்கே எழுந்து ஓடாதவ, நாடகத்துல ஓடப் போறாளாக்கும்" என்றார் கணவர்.

"ஓடத் தெரிஞ்சா எதுக்குங்க பயிற்சிக்குப் போறேன்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஏழு பேர் ஹாலில் நடக்கவேண்டும். ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்கவேண்டும். முதலில் நின்றது யார் என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. காலர் அக்கா ஒவ்வொரு முறையும் அரை நொடி முந்திக்கொண்டாள்.

"அக்கா, அவசரமே வேண்டாம், இங்க உங்க மேஜையில கட்டு சேரல" என்று நாடக டீச்சர் சிரித்தார். "பக்கத்துல இருக்கறவங்க மூச்சைக் கேளுங்க, போதும்."

இரண்டு மாதத்தில் கேட்கப் பழகினாள். பிறகு ஆளுக்கொரு கதை தரச் சொன்னபோது புகைக் கதையைத் தந்தாள். ஆறு பேரும் முதலில் தையல் வரிசையானார்கள், பிறகு புகையானார்கள், பிறகு நெரிசலான வாசலானார்கள். கடைசியில் யார் அவள் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் அவள் கையைப் பற்றி இழுக்கவேண்டும். அது இன்னார் என்று டீச்சர் முடிவுசெய்யவே இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டவேண்டாம் என்றார்.

கம்பெனி கேன்டீனிலேயே ஒருநாள் வேலை முடிந்த சாயங்காலம் நடித்துக் காட்ட அனுமதி கிடைத்தது. இழுத்த ஆள் இதைப் பார்த்து, நான்தான் என்று எழுந்துவிட மாட்டாரா? காலர் அக்காவின் ஆசை அது ஒன்றே.

முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் செக்கிங் அக்கா. புகை சூழ்ந்ததற்கு முந்தின மாதம், ஒரு தையல் கோணல் என்று நாற்பது காலரைத் திருப்பி அனுப்பியவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை.

நாடகம் நடந்தது. புகை நெருங்கியது. மருந்துக்கடைக்காரர் காலர் அக்காவின் கையைப் பற்றினார்.

"நிறுத்துங்க!" என்று ஒரு குரல். செக்கிங் அக்கா எழுந்து நின்றாள். "கையை யாரு பிடிச்சா? கைதான் மிஷினைக் கட்டிப்பிடிச்சிட்டு இருந்துச்சே! சடையைப் பிடிச்சுல்ல நான் இழுத்தேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சடையை இழுத்ததும் வந்துட்டாங்களாக்கும்" என்றாள் பட்டன் தைக்கும் பெண். "புடவை மிஷின் மிதியில சிக்கியிருந்துச்சு. அதைக் கிழிச்சு விட்டது யாரு?"

"ரெண்டு பேரும் சேர்ந்து வாசல்ல போட்டுட்டுப் போயிட்டீங்க" என்றார் பின்னாலிருந்து வாட்ச்மேன் அண்ணன். "தொட்டி வரைக்கும் தூக்கினவன் முதுகைக் கேளுங்க. இன்னும் வலிக்குது."

காலர் அக்கா எழுந்து நின்றாள். ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். "மூணு வருஷமா ஏன் சொல்லல?" என்றாள் மெதுவாக.

"நான் துணியைத்தானே கிழிச்சேன். மீதியெல்லாம் இவங்க பண்ணது" என்றாள் பட்டன் பெண்.

"எனக்கும் வாசலுக்கு அப்புறம்தானே தெரியும்" என்றார் வாட்ச்மேன் அண்ணன்.

செக்கிங் அக்கா தரையைப் பார்த்தாள். "நீதான் எங்கூடப் பேசமாட்டியே. நானா வந்து, உன் சடையைப் பிடிச்சு இழுத்தேன்னு சொல்றதா? கோபத்துல இழுத்தேன்னு நினைச்சுடுவியோன்னு இருந்துச்சு."

டீச்சர் மேடையின் ஓரத்துக்கு ஒதுங்கினார். "எங்களுக்குத் தெரியாம தப்பாப் பண்ணிட்டோம். நீங்களே வந்து காட்டுங்களேன்" என்றார்.

மூவரும் தயங்கித் தயங்கி வந்தார்கள். மற்ற ஆறு பேரும் புகையாகிச் சுற்றி நின்றார்கள். காலர் அக்கா மறுபடி உட்கார்ந்தாள். "உங்க மூணு பேருக்கும் நான் எப்படி..." என்று தொடங்கினாள்.

"நன்றியெல்லாம் அப்புறம்" என்றாள் செக்கிங் அக்கா. "மிஷினை இன்னும் இறுக்கிப் பிடி. அன்னிக்கு அப்படித்தான் பிடிச்சிருந்தே."

பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு கை சடையைச் சுருட்டிப் பற்றியது. பற்றிவிட்டு அப்படியே நின்றது.

"வலிக்குமே" என்றாள் செக்கிங் அக்கா.

"வலிக்கட்டும் அக்கா, இழுங்க!"