ஜாக்கெட் பிட்டும் ஒரு விசேஷமும்

நான் தைத்த துணி சுவரில் தொங்கப்போகிறது என்று போன் வந்த அன்று, மஞ்சக்குப்பத்து ஆபீஸில் என்னால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. சிதம்பரத்தில் ஒரு சின்ன ஹாலில், புதியவர்களுக்கான கைவேலைக் கண்காட்சி. நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்! தலைகால் புரியவில்லை எனக்கு. செம்மண்டலம் வரை ஷேர் ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்தத் துணி முழுக்க ஜாக்கெட் பிட்டுகள். வளைகாப்பு வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்களே, யாரும் தைத்துப் போடாமல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்களே, அவைதான். போன வருஷம் எனக்குக் கரு தங்கி, மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துபோனது. மூன்று மாதம் முடிகிறவரை யாருக்கும் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். வந்ததையே சொல்லாதபோது போனதை எப்படிச் சொல்வது? என் கணவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அதற்கப்புறம் போன வளைகாப்பில் எல்லாம், "ஒனக்கு ஒண்ணும் விசேஷம் இல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிட்டைக் கையில் திணித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் துண்டு போட்டேன். அப்பாடா, என்ன சுகம்! மறுநாள் ஊசி நூலோடு உட்கார்ந்தேன். கோபம் வரும்போதெல்லாம் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தேன். அழுகை வந்தால் தையல் கோணல்மாணலாக விழும். பிரிக்காமல் அப்படியே விட்டேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை விட்டு, அதன் ஓரத்தை மட்டும் சிவப்பு நூலால் பொறுமையாகச் சுற்றித் தைத்தேன்.

கண்காட்சிச் சேதியை மங்கலம்பேட்டையில் இருக்கும் மாமியாரிடம் சொன்னதில்தான் கூத்து. சந்தோஷத்தில் மூச்சு வாங்க, "அத்தை, ஒரு விசேஷம்! ஞாயித்துக்கெழம சிதம்பரம் வந்துடுங்க, நேர்ல காட்டுறேன்" என்றேன்.

"அப்புடியாம்மா! வந்துடுறேன், வந்துடுறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

கல்யாணமான பெண் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது, ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்ட குஷியில் எனக்கு உறைக்கவே இல்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் அந்தத் துணியை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஹாலில் விளக்குப் போட்டு மாட்டியதும் தள்ளி நின்று பார்த்தேன். நானா செய்தேன் இதை! யார் யாரோ வந்து போட்டோ எடுத்தார்கள். குதிக்காத குறைதான்.

அப்போது, நான் போனில் சொன்ன இடத்தை விசாரித்துக்கொண்டு அத்தை வந்தார். கூடையில் மல்லிகைப் பூ, புளிப்பு மாங்காய், அதிரசம். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக, "எத்தன மாசம்மா?" என்றார்.

போனில் நான் சொன்ன சொல் அப்போதுதான் உறைத்தது. சிரித்து மழுப்பியிருக்கலாம். மழுப்பினால் பழையபடி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். "மாசமெல்லாம் இல்ல அத்தை, இந்தத் துணிதான் விசேஷம்" என்று கையைக் காட்டினேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கிட்டே போய்ப் பார்த்தார். "நல்லாத்தான் கோத்துருக்க. நடுவுல ஏன் ஓட்டையா வுட்டுட்ட? துணி பத்தலியா?"

"போன வருசம் ஒண்ணு வந்துச்சு அத்தை. ஒங்ககிட்ட சொல்றதுக்குள்ள போயிடுச்சு."

அவர் கூடையைக் கீழே வைத்தார். சிவப்பு நூலை விரலால் ஒரு சுற்று தடவினார். "அது எனக்கும் பேரப்புள்ளதான. நீ மட்டும் அழுது முடிச்சிட்டியே" என்றார். என் துக்கத்தில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு என்று நான் நினைத்ததே கிடையாது.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா வந்து, "இது என்ன வெலைங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"இது விக்கிறதுக்கு இல்லம்மா. எங்க வூட்டுது."