ஓட்டைக்கு ஒரு பொட்டு

இந்த ஆயுத பூஜைக்கு என் மகள் வைஃபை பெட்டிக்குச் சந்தனம் வைக்கப் போனாள். "கையை எடுடி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிள்ளை கிண்ணத்தோடு மிரண்டு நின்றாள். ஒரு பொட்டுக்கா இவ்வளவு கோபம் என்று நீங்களும் கேட்பீர்கள். பொட்டுக்கு இல்லை. சொல்கிறேன்.

பன்னீரில் குழைத்த சந்தன வாசம் வந்தாலே எனக்குத் திருத்தங்கலில் நான் வேலை பார்த்த அண்ணாச்சி வீடு ஞாபகம் வந்துவிடும். காலண்டருக்கும் பட்டாசு லேபிளுக்கும் டிசைன் செய்து கொடுக்கிற தொழில் அவருக்கு. வீடும் ஆபீசும் ஒன்றுதான். கீழே அடுப்படிக்கு அடுத்த அறையில் என் கம்ப்யூட்டர். மாடியில், பார்ட்டி வந்து உட்காருகிற அறையில் இன்னொன்று. அதில் அண்ணாச்சி மகன் ராஜா இருப்பான். மாடிப்படிக்கு அடியில் உயரத் தட்டில் ஹப் என்று ஒரு சின்னப் பெட்டி. என் நீல வயரும் மாடி வயரும் அதன் ஓட்டைகளில் செருகியிருக்கும். நான் கீழே ஒரு போல்டரில் டிசைனைப் போட்டால் மாடியில் திறந்து பார்ட்டியிடம் காட்டலாம். இந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான், விருதுநகரில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்த பெருமையில். "புள்ள கெட்டிக்காரி" என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணாச்சி சொல்வார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

பூஜைக்கு முந்தின வாரம்தான், மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன், சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கூப்பிடுகிறார்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன். "நல்லா இரும்மா" என்றார். முகம்தான் சரியில்லை.

பூஜையன்று வயரையெல்லாம் பிடுங்கித் துடைத்தோம். பொட்டு மட்டும் அண்ணாச்சி கையால்தான் வைக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். பிரிண்டர், மவுஸ், வெட்டுகிற கத்தி, ஒன்று பாக்கியில்லாமல் வைத்தார். மறுநாள் ராஜா வயர்களைத் திரும்பச் செருகினான்.

அன்றைக்குக் கடைக் காலண்டர் டிசைன் பார்க்கக் காரியாபட்டிக்காரர் ஒருவர் மாடியில் உட்கார்ந்திருந்தார். மாடியில் என் போல்டர் திறக்கவில்லை. நான் இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டேன். போல்டரை மறுபடி ஷேர் செய்தேன். ஃபயர்வாலை நிறுத்தினேன். இங்கிருந்து மாடிக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கிற கட்டளை ஒன்று உண்டு. நாலு தடவை கூப்பிட்டேன், பதிலே இல்லை.

"வயர்ல ஏதோ கோளாறு அண்ணாச்சி. அதுக்குள்ள சிடியில ஏத்தித் தாரேன், மாடியில போட்டுக் காட்டுங்க" என்றேன். தொலைந்தது.

"வயரு புதுசுப்பா. போகப்போறாள்ல, அதான் லாக் பண்ணிட்டா" என்றான் ராஜா.

"சிடியில ஏத்துறது பழக்கமோ?" என்றார் அண்ணாச்சி. "இதுக்கு முந்தி எம்புட்டு ஏத்துன?"

டிசைன் திருடி என்று ஒருத்திக்குப் பேர் விழுந்தால் எங்கள் பக்கத்தில் அப்புறம் எந்தப் பிரஸ் படியும் ஏற முடியாது. சிவகாசி வேலை போச்சு, அதற்கப்புறம் எந்த வேலையும் போச்சு.

"பையக் கொண்டா."

கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். ராஜா மேஜைமேல் கவிழ்த்தான். டிபன் டப்பா, சீப்பு, பஸ் டிக்கெட், ஊக்குகள், பேப்பரில் சுற்றி வைத்திருந்த நாப்கின். அந்தப் பேப்பரையும் பிரித்தான், பாவி. காரியாபட்டிக்காரர் பாதிப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அம்மா தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் இருந்தாள். தீப்பெட்டி கீப்பெட்டி இருக்கிறதா என்று அவளைத் தினமும் வாசலில் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். அது உயிருக்காக. அதில் அவமானம் இல்லை என்பாள். இது எதற்காக? அந்தப் பைக்குள் ஒரு சிடிகூட இல்லை.

சாமான்களைப் பொறுக்கும்போது ஊக்கு ஒன்று விரலில் குத்தியது. அந்த எரிச்சலில்தான், வயர் போய்ச் செருகுகிற ஹப்பை நான் இன்னும் பார்க்கவேயில்லை என்பது ஞாபகம் வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பெட்டியில் கரண்டு இருந்தது. ஆனால் எங்கள் வயர்களுக்கு எரிய வேண்டிய இரண்டு பச்சை விளக்கும் எரியவில்லை. வயரைப் பிடுங்கினேன். குப்பென்று பன்னீர் வாசம். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார் மனுஷன்! ராஜா அதன்மேலேயே வயரைத் திணித்து அப்பிவிட்டிருக்கிறான். உள்ளே சந்தனம் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது.

ஊக்கால் நோண்டி எடுத்தேன். துடைத்துச் செருகியதும் விளக்கு எரிந்தது.

"வந்துருச்சுப்பா!" என்று மாடியிலிருந்து ராஜா கத்தினான்.

ஊக்கு நுனியை அண்ணாச்சி முகத்துக்கு நேரே நீட்டினேன். "நான் லாக் பண்ணல. நீங்க வச்ச சந்தனம் அண்ணாச்சி."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். காரியாபட்டிக்காரரும் சிரித்தார். "சாமி காரியம்ல? சரி சரி, வேலையப் பாரும்மா."

அவ்வளவுதான். தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானாவது அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டாமா? மாசக் கடைசிவரை இருந்து அந்தக் காலண்டரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கோபம் என்மேல். அது தனிக் கணக்கு.

இப்போது படம் போனிலிருந்து போனுக்குப் போகிறது. ஹப் இல்லை, நீல வயர் இல்லை. அந்த வீட்டையே இடித்து கோடவுன் கட்டிவிட்டார்கள். போன மாசம் ஒரு கல்யாண வீட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். தலை பஞ்சாக நரைத்திருந்தது. "ஏம்மா, நீ அந்தச் சந்தனப் புள்ளதான?" என்று கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டைக்கு ஒரு பொட்டு வைத்த கதையைப் பந்தியில் எல்லாருக்கும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கு என் பையக் கொட்டிப் பாத்தீகளே அண்ணாச்சி, அதையும் சொல்லுங்க" என்றேன்.

"பையா?" என்று என் முகத்தைப் பார்த்தார். "எந்தப் பைம்மா?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவர் ஞாபகத்தில் அது இல்லை.