நாக்பூர் கூலரும் ஆவடிப் புழுக்கமும்

இன்றைக்கு நான் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? ஆவடி பக்கம் சேக்காட்டில் இருக்கும் நாகவல்லி அக்காவை. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வேறு ஏதோ விசாரிக்கப் போன இடத்தில், வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். எழுந்து அவரோடு வெளியே கிளம்பும்போது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. கேட்ட சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

1989. நாகவல்லிக்கு அப்போது இருபத்தேழு வயது. கணவர் உத்தமன் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணமான கையோடு நாக்பூர் பக்கம் போய் ஆறு வருடம் அங்கேதான் குடித்தனம். அங்கே வெயில் என்றால் அடுப்பு வெயில். காலை பத்து மணிக்கே ஜன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்திவிட வேண்டும். இல்லையென்றால் லூ என்கிற அனல்காற்று உள்ளே வந்து ஆளைச் சுருட்டிவிடும். வெளியே போகிற ஆண்கள் அனல் தாக்காமலிருக்கச் சட்டைப்பையில் வெங்காயம் போட்டுக்கொண்டு போவார்கள். புடவையைக் கொடியில் விரித்துக்கொண்டே கடைசி முனைக்குப் போவதற்குள் முதல் முனை காய்ந்திருக்கும். கோடையில் வேர்வை வழிந்து நாகவல்லி அங்கே பார்த்ததே இல்லை. வந்த வேகத்தில் காற்று குடித்துவிடும்.

அந்த ஊரில் அவர்களைக் காப்பாற்றியது உத்தமன் தன் கையாலேயே தகரம் வெட்டிச் செய்த கூலர். பீரோவில் பாதி உயரம். மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி, அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒரு மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே பொருத்திவிட்டால், அனல்காற்று ஈரத் தட்டி வழியாக நுழைந்து வெட்டிவேர் வாசத்தோடு ஜில்லென்று வரும்.

அந்த வருடம் பொங்கல் முடிந்ததும் ஆரணியிலிருந்து தந்தி வந்தது. உத்தமனின் அப்பா அப்பாவுக்குப் பக்கவாதம். அப்பாவு என்பதுதான் அவர் பெயரே. கடலை மண்டியில் எடை போட்டவர். அவர் எடையைக் கூவினால் பேருந்து நிலையம் வரை கேட்குமாம். இப்போது வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. உத்தமன் மன்றாடி ஆவடித் தொழிற்சாலைக்கு மாற்றல் வாங்கினார். குவார்ட்டர்ஸில் கீழ்த்தள வீடு கிடைத்தது. ஏப்ரல் கடைசியில் அப்பாவும் வந்தார், சாக்கு சுற்றிய கூலரும் லாரியில் வந்தது.

ஆவடி வீட்டு ஜன்னலில் கம்பியைச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். வெளியே மாட்ட வழியில்லை. உத்தமன் கூலரை அறைக்குள்ளேயே, அப்பாவின் கால்மாட்டில் நிறுத்தினார். பழக்க தோஷத்தில் ஜன்னல்களை அடைத்து, கோணியும் தொங்கவிட்டார்.

பக்கத்து வீடு ஜுபைதா. பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள், இதே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கலீல் ரகுமானின் மனைவி. வாய் ஓயாது. முதல் நாளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா நாகு, உங்க ஊட்டு பீரோவுக்கு ஜலதோசமா? மூக்கு ஒழுவிகினே கீது!"

"நாக்பூர்ல நாப்பத்தாறு டிகிரிக்கு இதான் எங்களுக்கு சாமி" என்றாள் நாகவல்லி, விட்டுக்கொடுக்காமல்.

கத்திரி பிறந்தது. உத்தமன் காலை ஷிப்ட் போய்விடுவார். நாகவல்லி இரண்டு பக்கெட் தண்ணீரைப் பிடித்துக் கூலரில் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். குழாயில் தண்ணீர் வருவதே ஒரு வேளைதான். தான் குளிப்பதை நிறுத்திக்கொண்டு கூலருக்கு ஊற்றினாள். அப்படிப் பார்த்துக்கொண்டாள் அவரை.

அப்பாவுக்கு அப்போது வாயில் வந்தது ஒரே ஒரு எழுத்து. "பு."

கத்திரியின் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மதியத்தில் அதை ஆரம்பித்தார். "பு... பு..." இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். நாகவல்லிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நாற்பது வருடமாகப் புகையிலை போட்ட வாய். பக்கவாதம் வந்ததும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"மாமா, இன்னும் பொகையில நெனப்பு போவலியா உங்களுக்கு?" என்று சிரித்தாள். "டாக்டர் கேட்டா என்னைத்தான் திட்டுவாரு."

"பு... பு..."

"கொழந்தை மாதிரி அடம் புடிக்கக் கூடாது. அவரு வரட்டும், சொல்றேன் பாருங்க."

சாயங்காலம் உத்தமனிடம் சொன்னாள். அவரும் சிரித்தார். "நைனா, புகையிலைக்குப் பதிலா பப்புருமுட்டு தரட்டுமா?" என்று மிட்டாயை வாயில் வைத்தார். அப்பாவு அதைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபக்காரக் கிழவர் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் மதியம் "பு" வரவில்லை. கை தட்டவும் இல்லை. அடம் விட்டது, நன்றாகத் தூங்குகிறார் என்று நாகவல்லி நிம்மதிப்பட்டாள். தொட்டுப் பார்த்தாள். மேலெல்லாம் ஈரம். நாக்பூரில் உடம்பு ஈரமாக இருந்தால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அர்த்தம். போர்வையைச் சரிசெய்துவிட்டு, கூலரில் இன்னும் ஒரு பக்கெட் ஊற்றினாள்.

இரண்டு மணி இருக்கும். முறம் கேட்டு ஜுபைதா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நிலைப்படி தாண்டியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லா! இன்னாடி இப்டி புழுங்குது? ஊடா இது, இட்லி குண்டானா?"

நாகவல்லி அப்படியே நின்றுவிட்டாள்.

புழுங்குது. ஆறு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை. எரியுது, சுடுது, காயுது என்பார்கள் நாக்பூர்த் தமிழர்கள். புழுக்கம் அங்கே கோடையில் கிடையாது. இங்கே கிழவர் மூன்று நாளாகக் கட்டிலைத் தட்டித் தட்டிச் சொன்னது அதைத்தான்.

"மாமா!" என்று கத்தியபடி அவரைப் பிடித்து உலுக்கினாள். கண் மேலே செருகியிருந்தது.

ஜுபைதா கழுத்தில் கை வைத்தாள். "மேலதான் ஈரம், உள்ள நெருப்பா கொதிக்குது. தூக்குடி அந்தப் பக்கம்!"

இரண்டு பெண்களுமாக நாடாக் கட்டிலோடு அவரை நடை வழியாக வெளியே இழுத்தார்கள். வாசல் நிழலில் போட்டு, சட்டையைக் கிழித்து, குடத்து நீரில் துணியை நனைத்து அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தாள் நாகவல்லி. ஜுபைதா முறத்தால் விசிறிக்கொண்டே தெருவைப் பார்த்துக் கத்தினாள். "எவனாச்சும் ஒரு ஆட்டோ இட்டாங்கப்பா! பாத்துகினே நிக்கிறீங்களே!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிறைய பேசவில்லை. "வேர்வை காய்ந்தால்தாம்மா உடம்பு ஆறும். இந்த ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம். அறையை அடைத்து இன்னும் ஈரத்தை நிரப்பினால் வேர்வை எங்கே போகும்?"

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உத்தமன் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"நீ பக்கத்துலதானே இருந்த?"

"இருந்தேன்."

"நைனா சொன்னது காதுல உழலியா?"

"உழுந்துது. பொகையிலன்னு உழுந்துது. உங்களுக்கும் அப்படித்தானே உழுந்துது?"

அவர் எழுந்துகொண்டார். வீட்டுக்குப் போய் ஸ்பானரை எடுத்து, கூலரை ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் போட்டார். ராத்திரி சாப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு பல மாதம் இருவரும் தேவைக்குத்தான் பேசிக்கொண்டார்களாம்.

ஒன்பது நாள் கழித்து அப்பாவு உயிரோடு வீடு வந்தார். ஜன்னலும் கதவும் விரியத் திறந்திருந்தன. நாகவல்லி விசிறியோடு உட்கார்ந்து, குனிந்து கேட்டாள்.

"மாமா, புழுங்குதா?"

பதில் இல்லை. மறுநாளும் கேட்டாள். அந்தக் கோடை முழுக்கக் கேட்டாள். இருந்த ஒரே எழுத்தும் அன்றைக்கு அந்த அறையோடு போய்விட்டது. இன்னும் பதினாலு மாதம் இருந்தார். கண் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். அது மன்னிப்பா, புகாரா, வெறும் பார்வையா?

"ஒரே ஒரு தடவ அந்த 'பு' வந்திருந்தா போதும்பா" என்றார் அக்கா என்னிடம். "பொகையில வேணும்னு கேட்டிருந்தாக்கூட வாங்கிக் குடுத்திருப்பேன்."

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

சேக்காட்டில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, கத்திரி வந்தால் மதியம் இரண்டு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீடாகப் பார்த்துப் போகிறார். இந்த வருடம் பதினொரு வீடு. வீட்டுக்காரர்களிடம் எதுவும் விசாரிப்பதில்லை. நேராகப் படுத்திருப்பவரிடம் போய், பிடரியில் உள்ளங்கையை வைத்து, "புழுங்குதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். முனகலோ, கண்சிமிட்டலோ, விரல் அசைவோ, ஏதோ ஒன்று வரும்வரை நகர்வதில்லை.

எல்லோரும் வரவேற்பதில்லை. இன்றைக்கு நான் கூடப் போன வீட்டிலேயே ஒரு பெண் வாசலை மறித்தாள்.

"எங்க மாமியாரு நல்லாத்தான் கீறாங்க. நீ இன்னா டாக்டரா?"

"டாக்டர் இல்லம்மா" என்றார் நாகவல்லி அக்கா. "ஒருதரம் தப்பா கேட்டவ."

அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டாள்.

பதினொரு வீட்டுக்கு மேல் அக்காவால் நடக்க முடியவில்லை, முழங்கால் வீங்கியிருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படித்ததும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் படிக்கக் கொடுங்கள். நாளை மதியம் உங்கள் தெருவில் பேச முடியாமல் படுத்திருப்பவர் ஒருவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். அவர் ஏதாவது சொன்னால், புரிந்துவிட்டது என்று உடனே எழுந்துவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.