கோட்டையின் இடதுபக்கப் பாசி

ஞாயித்துக்கிழமை ஆனா மீன் தொட்டியில இருக்கிற பிளாஸ்டிக் கோட்டையை எடுத்து பக்கெட்டுல ஊறப் போடுவேன். வெந்நீரும் கொஞ்சம் வினிகரும். சோப்பு மட்டும் ஆகாது, மீன் செத்துடும். ஊறினதும் பழைய டூத் பிரஷ்ஷோட எங்க வீட்டுக்காரர் கையில குடுப்பேன். செங்கம் ரோட்டுல செல்போன் கடை வெச்சிருந்தப்ப ஆசையா வாங்கின தொட்டி. அவருக்குப் பக்கவாதம் வந்து கடையை மூடினப்புறம் தொட்டியும் வீட்டுக்கு வந்துடுச்சு.

வலது கையால நல்லாதான் தேய்ப்பாரு. "முடிஞ்சுதுடி, பாரு, புதுசாட்டம் இருக்குது"னு நீட்டுவாரு. வாங்கிப் பார்த்தா பாதி பளபளனு இருக்கும், பாதி பச்சைப்பசேல்னு அப்படியே இருக்கும்.

"இன்னா இது? மீதியை யாரு வந்து தேய்ப்பாங்க?"னு மொதல்ல கத்தினேன். சோம்பேறித்தனம்னு நெனச்சேன். அப்புறம்தான் தட்டைக் கவனிச்சேன். இடப்பக்கத்துச் சோறு தொடாம கிடக்கும், இவரு இன்னும் பசிக்குதும்பாரு. டாக்டர்கிட்ட கேட்டேன். "கண்ணு நல்லாதாம்மா இருக்கு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவரு மூளைக்குத் தெரியல. பழக்கிக்கிட்டே இருங்க, சில பேருக்குத் திரும்ப வரும்"னாரு.

அந்த 'சில பேருக்கு'ங்கிறதைப் புடிச்சுக்கிட்டுதான் வாரம் தவறாம கோட்டையைக் குடுத்தேன். நான் திருப்பிக் காட்டினா தேய்ச்சிடுவாரு. அது கணக்கில்ல. தானா தேய்க்கணும். இடப்பக்கத்துல ஒரு ஜன்னல் அளவு வெளுத்தாக்கூட எனக்குப் போதும்.

இந்த ஊர் சாமி பொண்டாட்டிக்கு இடப்பாகத்தையே குடுத்தவரு. தீபத்தன்னிக்கு அர்த்தநாரீஸ்வரரா வெளிய வர்றப்ப கூட்டத்துல நசுங்கிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் கன்னத்துல போட்டுக்கிட்டிருக்கோம். தாலி கட்டினதுலேருந்து எனக்கும் இவரோட இடப்பக்கம்தான் இடம்.

போன ஞாயிறும் அங்கதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தேய்ச்சு முடிச்சவரு, வாசல் பக்கம் பார்த்துக் குரல் குடுத்தாரு.

"ஏய், எங்கடி போய்ட்ட? வந்து பாரேன், இந்த வாட்டி பாசி கம்மிதான்."

தோளு இடிக்கிற தூரத்துல இருந்தேன். ஐயோ, நானும் அந்தப் பக்கத்தோட போய்ட்டேனா! புடவைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். அதுவும் அவருக்குத் தெரியல.

அப்புறம் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அவரு பின்னால சுத்திப் போயி வலப்பக்கத்துல போட்டு உட்கார்ந்தேன். கோட்டையை என் மடியில வெச்சாரு. பாதி பச்சை.

"வந்துட்டியா? எவ்ளோ நேரமா கூப்புடறேன்"னு சிரிச்சாரு.

"வந்துட்டேங்க"னேன்.