இரண்டு பெடல் காரும் அத்தையின் கைகளும்

என் வாழ்க்கையில் நடந்த ஒரே கார் விபத்து, மனிதர் நடக்கிற வேகத்தில் நடந்தது. கூடவே நடந்து வந்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார்கள். வேகமாக ஓடியது என் உயிர் ஒன்றுதான்.

அறுபதுகளில் நாங்கள் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்தோம். அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு மலபார் ஹில்லில் ஒரு சேட்டிடம் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. அந்த வேலையைச் சொல்லித்தான் ஊரில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். ஆயுத பூஜையன்று சேட்டின் அமெரிக்கக் காரை எங்கள் சந்துக்குக் கொண்டுவந்து பூஜை போட அனுமதி வாங்கியிருந்தார். ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாள் வர வேண்டாம் என்று சேட் சொல்லியிருந்தார்.

காரைப் பார்க்கச் சந்தே திரண்டது. உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் குனிந்து எண்ணினார்கள். இரண்டே பெடல். கிளட்ச் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நொண்டிக்காகச் செய்த வண்டியாக இருக்கும் என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அங்கே அத்தை, அதாவது அவருடைய அக்கா, அண்டாவில் பூஜைக்குப் பாயாசம் கிண்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா அதில் இரண்டு கரண்டிகளை எதிரெதிராக விட்டார். ஒன்றை வேகமாகச் சுழற்றினார். பாயாசம் சுழன்றது. பாயாசத்தின் தள்ளலில், யாரும் தொடாமலே மற்றக் கரண்டியும் சுற்றத் தொடங்கியது.

"இந்தக் கரண்டி எஞ்சின். அந்தக் கரண்டி சக்கரம். ஒண்ணையொண்ணு தொடாது, அதான் கிளட்ச் வேண்டாம், கேட்டியா. நடுவுல எண்ணெய்தான் தள்ளுது. வேகம் கூடுனா கியர மாத்துறதும் அந்த எண்ணெயோட அழுத்தந்தான்."

"பாயாசத்துல என்னலே வண்டி ஓட்டுத" என்று அத்தை சுற்றிவந்த கரண்டியைப் பிடித்து நிறுத்தினாள். சித்தப்பா கையிலிருந்த கரண்டி மட்டும் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது.

"பாத்தியா. சக்கரம் நின்னாலும் எஞ்சின் நிக்காது" என்றார் வெற்றியோடு. அதில் ஒரு கரண்டி சற்று முன்பு அவர் சாம்பாரை நக்கி ருசி பார்த்தது. இன்னும் சாமிக்குப் படைக்காத பாயாசம். நான் பார்த்தேன், அத்தை பார்க்கவில்லை.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாமா அவளை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். குழாயடியில் அவள் குடம் எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படும். நல்ல காரியங்களுக்கு அவள் கை ஆகாது என்பது சந்தின் சட்டம். பாயாசம் கிண்டலாம், ஆரத்தித் தட்டைத் தொடக்கூடாது. எனவே பூஜை நேரத்தில் அவள் காருக்கு முன்னால் தள்ளிப்போய், தீபாவளிக்காகப் பானையும் அகலும் ஏற்றிவந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட ஒரு குயவரின் கைவண்டி ஓரம் நின்றாள்.

எனக்குப் பெரிய உத்தியோகம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கற்பூரம் காட்டும்போது ஹாரன் அடிக்க வேண்டும். யாரையும் உள்ளே விடக்கூடாது என்று சித்தப்பா உத்தரவு. நான் கண்ணாடியை ஏற்றி எல்லாக் கதவையும் உள்பக்கம் பூட்டிக்கொண்டேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்துக்கு ஒரு கல் அடை. லாரிக்காரர்கள் ஹேண்ட்பிரேக்கை நம்பமாட்டார்கள், சித்தப்பா அதை அரைகுறையாகத்தான் இழுத்திருந்தார். எஞ்சின் ஓடியும் வண்டி நிற்கிறது என்றால் லாரிக்காரன் கணக்கில் அது நியூட்ரல். இந்த வண்டியோ கியரில் இருந்தது, கல்தான் பிடித்துவைத்திருந்தது. அண்டாவில் எனக்குப் பாடம் நடத்தியவர், சொந்தப் பாடத்தை மறந்து கல்லை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

பழம் நசுங்கியது. கார் புறப்பட்டது.

சித்தப்பாவின் லாரியில் அவர் மடியில் உட்கார்ந்து நான் கற்ற வித்தை ஒன்றுதான்: எது நடந்தாலும் இடது காலால் கிளட்சை மிதி. மிதித்தேன். அங்கே வெறும் தரை. மறுபடி மிதித்தேன். தரை தேய்ந்திருக்கும், கார் நிற்கவில்லை. வலது காலுக்குப் பக்கத்தில் பிரேக் சும்மாவே இருந்தது. வலது காலுக்கு அந்த ஞானம் வரவில்லை. இரண்டு கையாலும் ஹாரனை அழுத்தியபடி இருந்தேன். அது பூஜையின் பகுதி என்று நினைத்துச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சித்தப்பா கூடவே ஓடி, இல்லை, நடந்துவந்து, கதவை இழுத்தார். அவர் உத்தரவுப்படி அது பூட்டியிருந்தது. எதிரே கைவண்டி. நிறையப் பானை. கண்ணாடிக்கு வெளியே அவர் முகத்தில் கல்யாணம் கலைந்துகொண்டிருந்தது.

அப்போது அத்தை முன்னால் வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, பானட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக் காலை ஊன்றினாள்.

கார் நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. ஆனால் கார் ஒரு அங்குலம் நகரவில்லை. பானைக்கும் அவள் முதுகுக்கும் நடுவே ஒரு முழம் இடம்.

"சாவியத் திருப்புலே" என்று சித்தப்பா கண்ணாடியில் தட்டினார். திருப்பினேன். அமைதி. ஒரு கீறல் இல்லை. நான் இறங்கினேன். எனக்கு அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு பசி வந்தது.

அதற்குள் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அம்மன் அவள் கையில் இறங்கி ஓடுகிற காரை நிறுத்திவிட்டாள் என்றார்கள். ஆரத்தித் தட்டை ஒருத்தி கொண்டுவந்து அத்தையிடமே கொடுத்தாள். அத்தை தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். செருகிய முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

சித்தப்பா என்னைத் தனியே இழுத்துப்போனார்.

"அண்டாவுல கரண்டியச் சுத்தி நான் காட்டுனத யார்ட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியால. அத்தகிட்டயும்."

நான் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன். சாம்பார்க் கரண்டி பாயாசத்தில் விழுந்த பாவத்தை மறைக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் குழாயடியில் அத்தையின் குடத்துக்கு எல்லோரும் வழிவிட்டபோதும் அப்படியேதான் நினைத்தேன். அவர் கல்யாணத்தில் அத்தை முதல் வரிசையில் நின்று ஆரத்தி எடுத்தபோதும், சாம்பார் விஷயம் வெளியே வராததில் எனக்குத்தான் எவ்வளவு நிம்மதி.