அரை அங்குலம்

எந்த வண்டி உள்ளே வந்தாலும் டேப்பை எடுத்து அளக்காமல் ஸ்பானரைத் தொடமாட்டாள் என்பதால் அவளுக்கு அங்குலம் என்று பெயர் வந்தது. வைத்தவன் பக்கத்து டயர்க்கடைக்காரன், கிண்டலுக்குத்தான் வைத்தான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஷெட்டின் இரும்புக் கதவில் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்து எழுதிவிட்டாள்: 'அங்குலம் சஸ்பென்ஷன் வேலைகள்.' அதற்குப் பிறகு கிண்டல் செய்ய அவனுக்கு என்ன மிச்சம்?

பத்தொன்பது வயதில் அவள் ஒரு பெரிய டயர்க்கடையில் பில் எழுதத்தான் போனாள். பில் மேசைக்குப் பக்கத்திலேயே அலைன்மென்ட் பார்க்கும் மெஷின். காலையில் சரி பார்த்துப் போன வண்டி சாயங்காலமே 'இடது பக்கம் இழுக்குது' என்று திரும்பி வருவதை ஆறு மாதம் கவனித்தாள். மெஷின்காரர் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலேயே அளந்துகொண்டிருந்தார். சொன்னாள். "நீ பில்லைப் பாரும்மா" என்றார் அவர். அவள் பில்லையும் பார்த்தாள், மெஷினையும் பார்த்தாள். அவர் வேறு கடைக்குப் போனபோது முதலாளி ஆள் தேடி அலையவில்லை. பன்னிரண்டு வருஷம் அங்கே நின்றுவிட்டு, மரக்கடை ஒன்றின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்து சொந்த ஷெட் போட்டாள்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டு மேசை நூலளவு ஆடினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. தட்டை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் குனிந்துவிடுவாள். "அம்மா என் உயரத்தை அளந்ததைவிட என் கட்டில் உயரத்தை அளந்ததுதான் அதிகம்" என்பாள் மகள். அது உண்மையும்கூட.

கணவர் டிரைவர். கண்ணாடி வியாபாரி ஒருவரிடம் பிக்கப் ஓட்டுகிறார். தங்கமான மனிதர், ஆனால் வாயில் பூட்டு. அங்குலத்துக்கு அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. நாலு பேர் எதிரில் அவர் அவளைத் தன் மனைவி என்று சொல்லமாட்டார். 'எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தங்க' என்பதோடு சரி. பழைய வேலையில் ஒருமுறை கம்பெனி வண்டியை அவளிடம் கொண்டுவந்ததற்கு, "வண்டி தானா ரிப்பேர் ஆகுதா, இல்ல வீட்ல அடுப்பு எரியணும்னு நீயே ஆக்குறியா?" என்று கூட இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். அன்று மூடிய வாய். புது வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"சொன்னா நாக்கு வெந்துடுமா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"நேரம் வரட்டும்."

"நேரம் என்ன பஸ்ஸா, நின்னு பாத்துட்டே இருந்தா வர்றதுக்கு?"

சிரித்துச் சமாளித்துவிடுவார். அவளுக்கு அது நெஞ்சில் முள்தான். ஊரார் மெச்ச வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அந்த ஒரு மனிதர் வாய் திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போதுதான் கண்ணாடி வண்டியின் பேச்சு வந்தது. பிக்கப் வண்டிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே முன்பக்கம் குனிந்துதான் வரும். பின்னால் பாரம் ஏறினால் மட்டமாகிவிடும் என்பது கணக்கு. ஆனால் கண்ணாடிக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பத்தில் ஏற்றுகிற நாலைந்து கண்ணாடிகள், வண்டி குனிந்திருப்பதால் சட்டத்தில் முன்பக்கமாக நழுவின. போன மாதம் இரண்டு விரிசல் விட்டன. முன்பக்கத்தை மட்டும் உயர்த்திக்கொள்ளவும் முடியாது. முழுப் பாரம் ஏறும்போது பின்பக்கம் உட்கார்ந்து, ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும். வியாபாரி தலையில் கை வைத்தார். அப்போது கணவர் துணிந்து, "தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தங்க இருக்காங்க, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

வண்டியைக் கொண்டுவரும் நாள் காலையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: "வண்டி இன்னைக்குச் சரியா நின்னுச்சுன்னா முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன். நீ யாருன்னு."

அவள் அன்றைக்கு மட்டும் டேப்பைத் துணியால் இரண்டு தடவை துடைத்து எடுத்துப் போனாள்.

வேலை நன்றாகவே நடந்தது. வண்டியை வெறுமனே நிறுத்தி அளந்துவிட்டால் போதும் என்று நினைக்கிற ஆள் இல்லை அவள். அது பசியோடு நிற்கிறவன் வயிற்றுக்குச் சட்டை தைத்துவிட்டு விருந்துக்கு அனுப்புவது மாதிரி. பாதிக் கண்ணாடியின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னாள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்தாள். தரையிலிருந்து அளந்தால் டயரில் இருக்கிற காற்று பொய் சொல்லும். முன்பக்கம் பத்தொன்பது, பின்பக்கம் இருபத்தொன்று. முன்னால் ஷாக் அப்சார்பருக்கு மேலே வைக்க, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் என்று தனியாக விற்கும் அலுமினியக் கட்டைகள். பின்னால் முழுப் பாரத்தில் உட்காராமல் இருக்க, அப்போது மட்டும் தாங்கும் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாக. மதியத்துக்குள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. முன்பக்கம் இன்னும் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வியாபாரி வந்தார். கூடவே அவருடைய இன்னொரு டிரைவர், பட்டப்பெயர் நக்கல். பெயருக்கு ஏற்ற ஆள்தான். குனிந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் போல்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது லொடலொடத்தது.

"முதலாளி, இங்க பாருங்க, போல்ட்டே இறுக்கலை! இதான் மெக்கானிக்கா? நம்ம ஆளு சூப்பரா பிடிச்சிருக்கான் இடத்தை!"

அந்த போல்ட்டை அவள் வேண்டுமென்றேதான் தளர்வாக விட்டிருந்தாள். அது கோக்கிற இடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கினால் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி விட்டுத்தான் இறுக்க வேண்டும். இந்த வேலையின் அரிச்சுவடி அது. வாய் திறந்து சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

ஆனால் கணவர் முகம் சுருங்கியதை அவள் பார்த்துவிட்டாள். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நீளமான ஸ்பானரை எடுத்து, இடது பக்க போல்ட்டை அப்போதே, தொங்குகிற நிலையிலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். "இப்ப ஆட்டிப் பாருங்க" என்றாள். நக்கல் ஆட்டினான். அசையவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

வண்டி தரையில் இறங்கியது. வலது பக்கத்தை முறைப்படி இறுக்கினாள். வியாபாரி நாலு பக்கமும் சுற்றி வந்தார். தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"அட, சும்மா சொல்லக் கூடாது. கோடு போட்ட மாதிரி நிக்குது!" என்றார்.

கணவரின் முகம் மலர்ந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் காத்திருந்த கனைப்பு அது. கை அதுபாட்டுக்குப் பழக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் இருபத்தொன்று. இடது பக்கம் இருபத்தொன்றரை.

இன்னொரு தடவை அளந்தாள். அதே இருபத்தொன்றரை.

அரை அங்குலம். யார் கண்ணுக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரியாது, நாளைக்கும் தெரியாது. நாலைந்து மாதத்தில் ரப்பர் கிழியும், அதையும் மட்டமான சாமான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவர் சொல்லிவிடுவார். வாயைத் திறந்தால் நக்கல் சிரிப்பான், பொறுப்பேற்றவர் தலை குனியும், அந்த வார்த்தை இன்னும் ஒன்பது வருஷத்துக்குத் தொண்டைக்குள்ளேயே போய்விடும். அவளுக்கு அழுகையே வந்தது. கோபமும் வந்தது, தன் மேல்தான்.

"முதலாளி, நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார் கணவர்.

"வண்டியை எடுக்காதீங்க சார்" என்றாள் அவள். "இடது பக்கம் அரை அங்குலம் தூக்கி நிக்குது. தப்பு என்னோடது. கோபத்துல, தொங்கும்போதே இறுக்கிட்டேன். அப்படிச் செய்யக் கூடாதுன்னு தெரிஞ்சும் செஞ்சேன். அவிழ்த்து மறுபடி இறுக்கணும்."

நக்கலுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தானே தப்பு பண்ணிட்டு தானே சொல்றாங்கய்யா! எங்கேருந்துய்யா பிடிச்ச இவங்களை?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டான்.

அவள் காதில் விழாத மாதிரி ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டாள். வெளியே தெரிந்தது அவளுடைய செருப்புக் கால்கள் மட்டும்தான். அடியிலிருந்து அவள் பார்த்தால் மூன்று ஜோடிக் கால்கள். அதில் ஒரு ஜோடி, தேய்ந்த குதிகால் உள்ளது, இரண்டு அடி முன்னால் வந்து அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்றது.

"எங்கேருந்தும் பிடிக்கலை" என்றார் கணவர். "அவங்க என் பொண்டாட்டி."

நக்கலின் சிரிப்பு பாதியில் நின்றது.

"முதலாளி, இத்தனை நாள் சொல்லாம இருந்தது என் தப்பு. நீங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்க. சாவியும் உங்க கையில இருக்கு. அதுக்கப்புறமும் அரை அங்குலம் தப்புன்னு சொல்ற மெக்கானிக் வேற எங்கயாவது இருந்தா காட்டுங்க, நான் வண்டியை அங்கேயே கொண்டு போறேன். கண்ணாடியை ஏத்திட்டு நாளைக்கு இதை ஓட்டப் போறவன் நான். அவ தப்புன்னு சொன்னா தப்பு. சரின்னு சொன்னா, கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்."

ஒன்பது வருஷத்தில் அந்த மனிதர் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"கண்ணைத் திறந்தே ஓட்டுப்பா, அதுல இருக்கிறது என் கண்ணாடி" என்றார் வியாபாரி. சாவியைத் தானே போய் வண்டிக்குள் மாட்டிவிட்டு வந்தார். "நீங்க மெதுவாப் பாருங்கம்மா. அவசரமே இல்ல."

அடியில் படுத்திருந்தவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கிரீஸ் கையால் துடைக்கப் போய் நெற்றியெல்லாம் கறுப்பானது. ஸ்பானரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தாள். போல்ட் விட்டுக்கொடுத்தது. முறுக்கிக்கொண்டிருந்த ரப்பர் தளர்ந்து, வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு கீழே உட்கார்ந்தது. எல்லோருக்கும் கேட்டது.

கணவரே வந்து முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டார். அவள் படுத்தபடியே முறையாக இறுக்கி முடித்தாள். பிறகு டேப்பை வெளியே நீட்டி, மூன்று பேரும் கேட்கக் கூப்பிட்டாள்:

"என்னங்க... எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."