அட்டையில் எழுதிய ஒரே வரி

லினக்ஸ் கணினியில் அதன் மைய நிரலான கர்னலின் மூலக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாவிட்டால், தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை யாரும் கணினியைத் தொடக் கூடாது. காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டு வடிவமைப்பு மையத்தின் விதி இது. எழுதியவன், மையத்தின் பொறுப்பாளரான நான்தான். அதை மீறியவரின் கையெழுத்து, தறிக்கு வடிவம் சொல்லும் ஒரு ஜக்கார்டு அட்டையில், இன்றும் என்னிடம் இருக்கிறது. பிற்பகல் வெயிலில் தூக்கிப் பிடித்தால் அதன் துளைகள் வழியே சுவரில் வெளிச்சப் புள்ளிகள் மிதக்கும். ஏதோ ஒரு புடவையில், ஓர் அன்னத்தின் கழுத்தில், ஒரே ஓர் இழைக்கான புள்ளிகள்.

அட்டையில் எழுதிய பெண் எங்கள் வடிவமைப்பு உதவியாளர். பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருவார். தற்காலிகப் பணி; நிரந்தரம் ஆக்கும் கோப்பு என் மேசையில் இருந்தது. ஒருமுறை கணினியைப் புதுப்பித்ததும் அட்டையில் துளையிடும் இயந்திரம் நின்றுபோனது. அதன் இயக்கு நிரலைக் கர்னலுக்கு ஏற்ப மறுபடி உருவாக்க வேண்டும். அதற்கு மூலக் கோப்புகள் வேண்டும். நான் விதிப்படி கடிதம் எழுதினேன். பழுது பார்க்க வந்த இளைஞர் பதிலுக்குக் காத்திராமல் /usr/src என்ற அடைவைத் திறந்து, அங்கிருந்த கர்னல் அடைவுகளில் பதிப்பு எண் பெரியதை எடுத்தார். இயந்திரம் அசையவில்லை.

"புதுசு எதுன்னு ஏன்பா பாக்குற? இப்ப ஓடிக்கினு இருக்கறது எதுன்னு அதையே கேளு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, எங்கள் உதவியாளர், கழித்துப்போட்ட அட்டை ஒன்றின் ஓரத்தில் எழுதினார்:

readlink -f /lib/modules/$(uname -r)/build

அப்போது ஓடிக்கொண்டிருந்த கர்னலுக்கான அடைவை அந்த வரி காட்டியது; அதுவே சரியானது. சற்று நேரத்தில் இயந்திரம் மழைத்தூறல்போல் தட்டத் தொடங்கியது.

"பதில் வரலையேம்மா?" என்றேன்.

"பொட்டிக்குள்ள இருக்குது சார். மெட்ராஸுக்கு எழுதினா, அவங்களும் வந்து இதே பொட்டியத்தானே தொறக்கணும்?"

சிரித்தேன். சிரித்துவிட்டு, அன்று மாலையே குறிப்பாணை கொடுத்தேன். தலைமை அலுவலகத்தின் பதில் வரும்வரை அவருடைய கோப்பு நகராது என்றும் எழுதினேன். குறிப்பாணையைத் திரும்பப் பெறும் அதிகாரமும் எனக்கு இருந்தது. அதற்கான விதி எண்கூட மனப்பாடம்.

திங்கள்தோறும் கேட்பார்: "வந்துச்சா சார்?" பிறகு கேட்பதை நிறுத்தினார். தை பிறந்ததும் வேலையை விட்டார். போகும்போது அட்டையை என் மேசையில் வைத்து, "வெச்சிக்கோங்க சார், தேவைப்படும்" என்றார்.

தேவைப்படுகிறது. வீட்டுக் கணினியில் எப்போதாவது அந்த வரியைத் தட்டுகிறேன். கண்ணிமைப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. அப்போதெல்லாம், ஜன்னலில் சாத்திவைத்த அட்டையின் புள்ளிகள் சுவரில் மெல்ல நகர்வதாகத் தோன்றும், வெயில்தான் நகர்கிறது.

தலைமை அலுவலகமும் பதில் அனுப்பத்தான் செய்தது. 'கோரிய கோப்புகள் தங்கள் கணினியிலேயே உள்ளன, அனுமதி தேவையில்லை.' கீழே அதே வரி. வரவு முத்திரையை நானே குத்தினேன். அதில் விழுந்தது நான் ஓய்வு பெற்ற நாளின் தேதி.